நன்றிப் பூசை

ராயபுரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். சின்னவள் பேர் லூர்து. அவள் புருஷன் கட்டுமரத்தில் போய் ஒன்பது நாளாகத் திரும்பவில்லை. மற்றவள் பக்கத்து வீட்டுக்காரி.

“மாதா கோயில்ல பூசைக்கு எயுதிக் குடுத்தியாமே?”

“குடுத்தேங்கா.”

“ஆத்துமா இளைப்பாறத்தானே?”

“இல்ல. நன்றிப் பூசை.”

“இன்னாமே பேசுற? ஆளே வர்ல. எதுக்கு நன்றி?”

“சாமியாரும் அதான் கேட்டாரு. திரும்பி வந்தா, ஆண்டவரு எங்கையில குடுத்ததுக்கு. வர்லேன்னா, அவரு கையிலயே வச்சுக்கினதுக்கு. நன்றின்னே எயுதுங்க சாமின்னேன்.”

“அயுகை வர்லியாடி ஒனக்கு?”

“அயுதுகினேதாங்கா சொன்னேன்.”

வரிசை நகர்ந்தது. கடைக்காரர் லூர்துவின் அட்டையை வாங்கினார்.

“வூட்ல எத்தினி பேரு?”

“நாலு பேரு. அவரையும் சேத்து.”

கடைக்காரருக்கும் விஷயம் தெரியும். நாலு பேருக்கே அரிசி அளந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கோயிலுக்குள் நுழைகிறவள்போல, முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.