பச்சைத் தொட்டியும் சிவப்புத் தொட்டியும்

"நகராட்சி குடுத்த பச்சைத் தொட்டில இப்ப தறிக்குப் போடுற பாவு நூலுக்குக் கஞ்சி கரைக்கிறேன். அவ்ளோ நல்ல தொட்டில குப்பையா போடுவாங்க?"

உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தறிக்காரப் பெண்மணி பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். பக்கத்தில் அவள் தங்கை.

"இன்னாக்கா நீ? மக்குறது பச்சையில, மக்காதது சிவப்புலன்னு தொட்டி குடுத்த கூட்டத்துல சொன்னாங்க இல்ல?"

"நானும் ஒரு மாசம் பிரிச்சிப் பிரிச்சித்தான்மா போட்டேன். வண்டிக்காரன் வந்து ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக்கினு போறான்."

"குப்பையால பூமியே சூடாவுதாம்க்கா. மழை கொறைஞ்சி போச்சாம். அதான் பாலாறு இப்படிக் கெடக்குதாம்."

ஓரிக்கையைத் தாண்டி பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியிருந்தது. கீழே, தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் மணல் லாரிகள் வரிசையாக நின்றன. அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"மழை வராததுக்கு என் கேரி பேக்குதான் காரணம்னே வெச்சிக்கோ. இந்த மணலையும் அதே கேரி பேக்லதான் வாரிக்கினு போனேனா?"

தங்கை எட்டி லாரிகளைப் பார்த்தாள்.

"இவனுங்களுக்கு எந்தத் தொட்டி குடுத்தாங்க, பச்சையா சிவப்பா? அதைக் கேட்டுக்கினு வா. அப்பறம் நான் பிரிச்சிப் போடறேன்."