அக்கா குரல் வேண்டாம்னு சொன்னாங்க

இந்த இடத்துல பேச்சை நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்லிக்கிறேன். நானும் மூச்சு வாங்கிக்கலாம், உங்களுக்கும் காது கொஞ்சம் ஆறும்.

தென்காசியில நல்லசிவன்னு ஒருத்தர். மருந்துக் கம்பெனி ரெப்பா இருந்தாரு. டாக்டருங்க ரூம் வாசல்ல பையோட காத்துக்கிட்டு நிக்கிற வேலை. ஊர் ஊராப் போறவரு இல்லையா... எங்கே கோயில் கொடைத் திருவிழா நடந்தாலும், எங்கே மேடைக் கச்சேரி நடந்தாலும் நின்னு கேப்பாரு. அவருக்குப் பாட வராது. ஆனா யாரு நல்லாப் பாடறாங்கன்னு தெரியும். அது நமக்கும்தான் தெரியும். அவரு அதை நம்பி வேலையை விட்டாரு. நாம விடல.

நல்ல குரலைத் தேடிப் பிடிக்கணும், அவங்களுக்காகப் போய்ப் பேசணும், வாய்ப்பு வாங்கித் தரணும். இதுதான் தொழில். நல்லசிவனோட அப்பா கேட்டாரு: "பாடுதவங்க பாடுதாங்க, தபேலாக்காரன் அடிக்கான். இதுல நீ என்னடே செய்யப் போற?"

"அவங்களுக்காகப் பேசுவேம்ப்பா."

"ஏன், அவங்களுக்கு வாய் இல்லையோ?"

நல்லசிவன் கிளம்பிட்டாரு.

அவரு முதல்ல கண்டுபிடிச்சது அக்கா தங்கச்சி ரெண்டு பேரை. அக்கா பேரு உலகம்மை, தங்கச்சி சங்கரி. கொடையில, கல்யாண வீட்ல சேந்து பாடறவங்க. ரெண்டு குரலும் பின்னிக்கிட்டுப் போகும். வீடு தேடிப் போனாரு. உலகம்மை சொன்னாங்க: "நாங்க சேந்துதான் பாடுவோம் தம்பி. அதுக்குச் சரின்னா எங்களுக்காகப் பேசுங்க."

"சரிக்கா." வாக்குக் குடுத்துட்டாரு.

அப்புறம் சென்னை. ஸ்டூடியோ ஸ்டூடியோவா ஏறி இறங்கினாரு. வாசல்ல நிக்கிறது அவருக்குப் புதுசா என்ன? கடைசியில ஒரு இசையமைப்பாளர், சரி, வரச் சொல்லுங்கன்னாரு. ரெண்டு பேரும் ரயில் ஏறிப் போய்ப் பாடிட்டு வந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அங்கேருந்து நல்லசிவனுக்குப் போன்.

"தங்கச்சி குரல் பிடிச்சிருக்கு. படத்துல ஒரு பாட்டு இருக்கு. அக்கா வேண்டாம், மேல போகும்போது அவங்க குரல் இறுகுது. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

குடுத்த வாக்கு இருக்கு. அங்கேயே, சேந்துதான் பாடுவாங்கன்னு சொல்லிப் போனை வச்சிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது, மனசுக்கும் பெருமையா இருக்கும். இல்ல, சங்கரியை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ரெண்டும் அவரு மனசுல ஓடுச்சு. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து யோசிச்சாரு. அப்புறம் எந்திரிச்சு நேரா அவங்க வீட்டுக்குப் போனாரு. உலகம்மை சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. சங்கரியும் பக்கத்துல இருந்தா.

"அக்கா, பாட்டு வந்திருக்கு. சங்கரிக்கு மட்டும்."

சங்கரி சொல்லிட்டா: "நான் போகலை."

உலகம்மை அவளைப் பாக்கல. இவரைப் பாத்துக் கேட்டாங்க: "என்னைப் பத்தி என்ன சொன்னாவ?"

பாருங்க... பொய் சொல்றதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஒண்ணும் சொல்லலக்கான்னா முடிஞ்சுது. நல்லசிவன் சொன்னாரு: "மேல போகையில உங்க குரல் இறுகுதுன்னாங்க."

உலகம்மை கையில இருந்த வெங்காயத்தைக் கீழே வச்சாங்க.

"அது நெசந்தான்"னாங்க உலகம்மை. "எனக்கு அவ்வளவு தூரம் எட்டாது. இவ கூட வந்து பாட ஆரம்பிச்சப்போ இவளுக்குத் தோதா சுருதியை ஏத்திக்கிட்டேன். பெறவு எறக்கவே இல்ல."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"ன்னா சங்கரி.

"சொன்னா நீ எறக்கிப் பாடுவ. அதான்." இவரு பக்கம் திரும்பி, "சங்கரி வருவான்னு சொல்லிருங்க தம்பி"ன்னாங்க.

சங்கரி அழுதுக்கிட்டேதான் போனா. போய்ப் பாடினா. பாட்டு வந்துச்சு, ஓரளவு நல்லாவே போச்சு. உலகம்மை மேடைக்குப் போறதை நிறுத்திட்டாங்க. இவரு மட்டும் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கிட்டே இருந்தாரு: "உங்க சுருதியில ஒண்ணு பாடுங்கக்கா." முடியாதும்பாங்க. வேற பேச்சுப் பேசி அனுப்பிடுவாங்க.

ஒரு மத்தியானம், என்ன தோணுச்சோ... பாடினாங்க. சுருதியை நல்லா இறக்கி வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுப் பாடினாங்க. கனமான குரல், அவசரமே இல்ல. அத்தனை நாளா அவங்க பாட்டைக் கேட்டுப் பழகின மனுஷன், இந்தக் குரலைக் கேட்டதே இல்ல. தங்கச்சி குரலுக்குப் பின்னால அது ஒளிஞ்சு கிடந்திருக்கு.

இன்னிக்கு அவங்க தனியாக் கச்சேரி பண்றாங்க. சங்கரி தனியாப் பாடறா. ரெண்டு பேருக்காகவும் பேசறது நல்லசிவன்தான்.

சரி... இதை எதுக்கு உங்ககிட்ட சொன்னேன்?

இந்த மனுஷன் தியாகம் ஒண்ணும் பண்ணல. அங்கே சொன்னதை இங்கே கொண்டுவந்து வச்சாரு, அவ்வளவுதான். கூட்டல, குறைக்கல. முடிவை அந்தம்மா கையில விட்டாரு. நாளைக்கு நீங்களும் யாருக்காவது பேசத்தான் போறீங்க. கட்சிக்காரருக்காகக் கோர்ட்ல பேசுவீங்க, முதலாளிக்காக வியாபாரம் பேசுவீங்க, அம்மாவுக்காக ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட பேசுவீங்க. கேட்டா அவங்க மனசு நோகுமேன்னு ஒரு சொல்லை நீங்களா மறைச்சீங்கன்னா... அதுக்கப்புறம் நீங்க அவங்களுக்காகப் பேசல. அவங்க வாழ்க்கையை நீங்க முடிவு பண்றீங்க.

அந்தச் சேதியைக் கேட்ட அன்னிக்கு உலகம்மை சாப்பிடல. பின்னாடி தங்கச்சிதான் சொன்னா. மறைச்சிருந்தா நல்லாச் சாப்பிட்டிருப்பாங்க, நிம்மதியாத் தூங்கியிருப்பாங்க... கடைசிவரைக்கும் அடுத்தவ சுருதியிலயே பாடிட்டுப் போயிருப்பாங்க.