நான்காவது வயர்

உங்கள் போலீஸ் ஜீப் டீசல் வண்டி, மேடம். ஏறும்போதே கவனித்தேன். டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை, பிளக்கைக் கழற்றித் துடைக்கிற வேலையும் இல்லை. அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்கு முழுதாகப் புரியாமல் போகலாம். பரவாயில்லை, நிதானமாகவே சொல்கிறேன். போன சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் சுப்ராயன் எங்கள் பழைய காருக்குப் பக்கத்தில் விழுந்து இறந்துபோனார். அது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்.

அது ஐம்பத்தாறாம் வருஷத்துப் பிரெஞ்சுக் கார். காரைக்காலை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் என் மாமனார் வாங்கியது. அதை ஓட்டுவது சுலபம், ஓடவைப்பதுதான் பாடு. கடற்கரை எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். உப்புக்காற்று சும்மா இருக்குமா? பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும், அதற்குள் இருக்கிற பாயிண்ட் தகட்டில் பச்சை பூக்கும், பிளக் வயரின் முனை கறுத்துப்போகும். ஆறு நாள் விட்டால் ஏழாம் நாள் கார் இருமும். அதனால் முப்பத்தெட்டு வருஷமாக, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்கூட என் வீட்டுக்காரருக்கு இன்ஜின் வேலைக்கு அப்புறம்தான்.

அவர் செய்வார், நான் எடுத்துக் கொடுப்பேன். "வடிவு, உப்புத்தாள். வடிவு, பத்தாம் நம்பர் ஸ்பானர். டார்ச்ச நேராப் புடி." டார்ச் பிடிக்கிறவளுக்கும் கண் உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பத்து வருஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருபது வருஷத்தில் அவர் தப்பாகச் செய்வதும் தெரிந்துவிட்டது. பாயிண்டைப் போட்டு அப்படித் தேய்ப்பார் மனுஷன், அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி. நான் டார்ச்சை நேராகப் பிடிப்பேன்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பொறி வருகிறதா என்று பார்க்க, வயரைக் கழற்றி இன்ஜின் இரும்புக்குக் கிட்டே காட்டினால் போதும். நீலமாகத் தாவினால் நல்லது. இவர் வெறும் கையில் பிடிப்பார். முழங்கைவரை சுண்டும். ஒரு குதி குதித்து, "நல்லா அடிக்குதுடி" என்று சிரிப்பார். கையில் வாங்கினால்தான் நிஜம் தெரியுமாம். எங்கள் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு, அவர்களிடம் கற்றுக்கொண்டது.

போன வருஷம் சித்திரையில் அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்ஜின் ஓடறப்ப பானட் பக்கத்துல அவர விடாதீங்கம்மா. ஷாக் வாங்கி மெஷின் நின்னுச்சுன்னா அவரும் நின்னுடுவாரு." நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன், மேடம். இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் வந்தது பதினான்கு மாதம். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவர் பத்தடி தள்ளி நாற்காலியில், நான் பானட்டுக்குள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே எனக்குக் கால் தரையில் பாவாது. பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கி, பாயிண்டுக்கு நடுவில் விட்டு மெல்ல இழுப்பேன். அழுக்கெல்லாம் அட்டையில் வந்துவிடும். பிறகு ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு வயராகக் கழற்றுவேன். கழற்றியதும் இன்ஜின் நொண்டினால் அந்த சிலிண்டர் ஒழுங்காக உழைக்கிறது என்று அர்த்தம். திரும்ப மாட்டினால் நொண்டல் போய்த் தாளம் சேரும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அறுபத்து மூன்று வயதில் வாசலில் ஆடியிருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? பக்கத்து வீட்டு கமர் நிஷா மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, வண்டி பாடுது" என்பாள். அவளுக்குக் காது இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், பிரான்சில் இருக்கிற எங்கள் மகன் ராஜ்மோகனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. எலக்ட்ரானிக்காம். அதை மாட்டிவிட்டால் பாயிண்ட் கிடையாது, கண்டென்சர் கிடையாது, வாராவாரம் துடைக்க ஒன்றுமே கிடையாது. இவர்தான் சொல்லி வரவழைத்திருக்கிறார்.

"ஒனக்காகத்தான் வடிவு. இந்த வயசுல நீ எதுக்குக் கெடந்து கஷ்டப்படணும்? திங்கக்கெழம ஆள் வந்து மாட்டிடுவான். இனிமே சனிக்கெழம நிம்மதியா உக்காரு."

அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அன்பாகச் சொல்கிற ஆளிடம் என்ன செய்ய முடியும்? எனக்குக் கோபம் வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை குளித்து, பூ வைத்துக்கொண்டு, வழக்கம்போலத்தான் வேலையைத் தொடங்கினேன். மூன்று வயர் பார்த்து முடித்தேன். நான்காவதன் முனையில் ஷாக்கைத் தடுக்கிற ரப்பரை மட்டும் முதல் நாளே உருவி வைத்திருந்தேன்.

"என்னங்க, பழைய செட்டுக்கு இதான் கடைசி சனிக்கெழம. ஒரு தடவ கையில வாங்கிப் பாக்குறீங்களா?"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பண்டிகைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த பிள்ளை மாதிரி. "டாக்டரு திட்டுவாரே" என்றார்.

"அவருகிட்ட யாரு சொல்லப்போறா? நாந்தான் பக்கத்துலயே இருக்கேனே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தடுமாறாமல் இருக்க இன்னொரு கையைக் கார் இரும்பில் ஊன்றிக்கொள்ளச் சொன்னேன், ஊன்றிக்கொண்டார். நான் நீட்டினேன், அவர் வாங்கினார். "நல்லா அடிக்குதுடி" என்றார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் படுத்தார்.

இருபது நிமிஷம் இன்ஜின் சத்தம் கேட்டது என்று கமர் நிஷா உங்களிடம் சொன்னாளாம். சரிதான். கீழே விழுந்த வயரை எடுத்துப் பிளக்கில் மாட்டினேன், நொண்டல் நின்று நாலு சிலிண்டரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தக் கார் அப்படி ஓடியதில்லை, மேடம். அவர் கண் திறந்துதான் இருந்தது, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஃபோனும் என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமென்றால் அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது, இன்ஜினை அணைக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.