ஞாயித்துக்கெழம போன பதில்

இல்ல கலைவாணன் தம்பி, சர்வர்ல கோளாறு ஒண்ணும் கெடையாது. மொதல்ல ஒக்காருங்க. ஃபேன் காத்து அங்க வராது, இப்படி நவுந்துக்கோங்க.

மொதலாளிக்குத் தெரியாது, நான்தான் போன் பண்ணேன். சின்ன வேலதான். வெளியேர்ந்து யாராவது எழுதினா தானா ஒரு பதில் போவுதில்ல, அத நிறுத்தணும். இன்னிக்கே.

ஆமா, கேட்டது நான்தான், இல்லேங்கல. கம்ப்யூட்டர்ல எழுதிக்கற நம்ம சாட்டு நம்ம ஆபீசுக்குள்ளயே சுத்தினு இருந்தவரைக்கும் வம்பு இல்ல. சரக்கு வாங்கற வெளியூரு பார்ட்டிங்கல்லாம் யாஹூல இருக்காங்கன்னு நீங்க வந்து அதையும் இதையும் இணைச்சீங்க. அவங்க அங்க எழுதினா இங்க வந்து விழுவுது. நல்ல வேல, கொற சொல்லல. நட்டு வேணும்னு எழுதிட்டு ஒருத்தன் காத்துனு கெடக்கக் கூடாது, ஆபீஸ் மூடியிருந்தாலும் ஒரு வார்த்த போவணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். நான் சொல்லச் சொல்ல நம்ம சரிதாதான் இங்கிலீஷ் எழுத்துல தமிழா அடிச்சிது. தங்கள் தகவல் கிடைத்தது, வேலை நாளில் பரிசீலித்து பதில் அளிக்கப்படும். கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்குதேன்னு நீங்க கூட சிரிச்சீங்க. தட்டாஞ்சாவடியில வேற எந்த கம்பெனி லீவு நாள்ல பதில் போடுதுன்னு நான் பெரும அடிச்சிக்கினேன்.

பார்ட்டிங்களா? அவங்க ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குப் புடிச்சிதான் இருக்குது.

அது வேற விஷயம் தம்பி. இணைக்கறப்ப ஆபீசுக்குன்னு புதுசா ஒரு யாஹூ ஐடி போடலாம்னு சொன்னீங்க. எதுக்கு, என்னுது சும்மாத்தான கெடக்குதுன்னு குடுத்தேன். ஸ்டோர்காரருக்கு எவ்ளோ சிக்கனம் பாருன்னு மொதலாளி எல்லார் எதிர்லயும் மெச்சினாரு. எனக்கு ஒடம்பே கூசிப் போச்சி. சிக்கனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்பொண்ணு ரோசா காலேஜ் படிக்கறப்ப பிரவுசிங் சென்டருக்கு இட்டுனு போயி போட்டுக் குடுத்த ஐடி அது. அதுல இருந்தது ஒரே பேரு, அவ பேரு. இணைச்சா பார்ட்டிங்க பேருக்கு நடுவுல அவ பேரும் ஸ்க்ரீன்ல வரும்ல. பேரு பக்கத்துல பச்ச வெளக்கு எரிஞ்சா எங்கியோ நல்லா இருக்கான்னு வெச்சிக்குவேன். அது போதும். எழுத மாட்டேன். எந்த மூஞ்சிய வெச்சினு எழுதறது? கட்டிக்கின பையன் நம்ம வேதம் இல்ல, வேற மதம், நாலு பேரு பேசுவாங்கன்னு, வாசப்படி மிதிக்காதன்னவன் நான்.

டீ சொல்லட்டா? சரி, அப்புறம்.

போன ஞாயித்துக்கெழம ஆபீஸ் லீவு. நான் மாதா கோயில் பூசையில இருந்தேன். திங்கக்கெழம சரிதா தொறந்து பாத்திச்சி. கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பி வெச்சிட்டு, தண்ணி குடிக்கப் போறேன்னு எழுந்து போயிடுச்சி. தண்ணி பாட்டிலு மேசமேலயேதான் இருக்குது.

ரோசா எழுதியிருக்கா. அப்பா, கொழந்த பொறந்திருக்குது, ஞானஸ்நானத்த நம்ம கோயில்லயே வெச்சிக்கலாமா, தூக்கினு வரவான்னு.

அதுக்குக் கீழ நம்ம பதிலு. வேலை நாளில் பரிசீலிக்கப்படும்னு.

அப்போலேர்ந்து அந்தப் பேரு எரியல.

நிறுத்திட்டீங்களா? சரி. அந்தக் கீபோர்ட இப்படித் தள்ளுங்க. வேணாம், நானே அடிக்கறேன், எழுத்து மட்டும் காட்டுங்க. தூக்கினு வாம்மான்னு போடணும். அணைஞ்சி கெடக்கறப்ப அனுப்பினாலும் போய்ச் சேருமில்ல தம்பி?