'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டது நான்

என் பெயர் சானிகா உத்தம் நலவடே. வயது பதினேழு. நியூஜெர்சி மாநிலம் எடிசன் நகரில், ஒரு கார் கொட்டகைக்கு மேலுள்ள இரண்டு அறை வாடகை வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில், எனக்குப் பாதகமான இடங்களையும் விடாமல், உண்மையாகப் பதிவு செய்வேன். வரி அதிகாரி திருமதி ஃபெர்ரான்டே நான் சொல்வதைத் தட்டச்சு செய்கிறார். இலவச சட்ட உதவி வழக்கறிஞர் என் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். பேச வேண்டாம் என்றுதான் அவர் எனக்கு ஆலோசனை சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் பாபா என்று அழைக்கும் என் தந்தை உத்தம் நலவடே, மகாராஷ்டிராவின் சாங்லியில் பேருந்து நடத்துனராக இருந்தவர். இப்போது மருந்துக் கிடங்கில் பெட்டிகள் அடைக்கிறார். மராத்தி செய்தித்தாளை விளம்பரம் வரை படிப்பார். ஆங்கிலத்தில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் படிப்பார்.

நான் பிறந்த பன்னிரண்டாம் நாள் எனக்குப் பெயர் சூட்டியபோது, அம்மாவின் அண்ணன் விலாஸ் மாமா தங்கச் சங்கிலிக்குப் பதிலாக என் பெயரில் ஒரு மியூச்சுவல் ஃபண்டு தொடங்கினார். மாதம் மூவாயிரம் ரூபாய் அவரே போட்டு வந்தார். குழந்தைக்குத் தந்தைதான் பாதுகாவலர் என்பதால் மாமா விரல் வைத்துக் காட்டிய இடங்களில் பாபா கையெழுத்திட்டார். அதன் பிறகு அதில் எவ்வளவு சேர்ந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மனைவியின் அண்ணன் தன் தங்கை மகளுக்குச் செய்வதை விசாரிப்பது எங்கள் பக்கம் பெரிய அசிங்கம். 2014இல் நாங்கள் அமெரிக்கா வந்த பிறகும் மாமா போடுவதை நிறுத்தவில்லை.

முதல் சில வருடங்கள் ஓக் ட்ரீ சாலையில் ஒருவர் இருநூறு டாலர் வாங்கிக்கொண்டு எங்கள் வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். 2018 பிப்ரவரியில், பதின்மூன்று வயதில், நானே நிரப்புகிறேன் என்றேன். எனக்கு விதிமுறைகளைப் படிக்கப் பிடிக்கும். வெளிநாட்டில் கணக்கு இருக்கிறதா, அல்லது அப்படி ஒரு கணக்கில் கையெழுத்திடும் உரிமை இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. அதை மராத்தியில் பாபாவிடம் கேட்டேன்.

"கணக்கா? சாங்லி பேங்க்ல இருந்தத வழிச்சு எடுத்துத்தான ப்ளேன் டிக்கெட் வாங்கினோம். இல்லன்னு போடு."

"மாமா போடறாரே, அது?"

"அது மாமாவோடது. அதப் போய் நான் என் கணக்குன்னு எழுதினா அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இது எனக்கு நியாயமாகப் பட்டது. 'இல்லை' என்று குறித்தேன். அந்தக் குறியில் எங்கள் இருவருக்கும் எந்தக் கள்ளமும் இல்லை.

அந்த வருடம் கட்டிய வரியில் அறுநூற்றுப் பதினோரு டாலர் திரும்பி வந்தது. அதன் பிறகு செப்டம்பரில் கணபதி விழாவில் பாபா இதைப் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். கிடங்கில் அவருடன் வேலை செய்யும் ஷிண்டே காகா, "உத்தம்ராவ், உங்க வீட்டு ஆடிட்டருக்குப் பால் பல்லாவது விழுந்துடுச்சா? விழுந்திருந்தா எங்க வீட்டுக்கும் அனுப்புங்க" என்றார். பாபா அன்று முழுவதும் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

நவம்பரில் தீபாவளிக்கு மாமா அனுப்பிய பலகாரப் பார்சலில், முறுக்குக்கும் சோமாசி போன்ற கரஞ்சிக்கும் நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு படிவம் இருந்தது. ஃபண்டு நிறுவனம் கேட்டிருந்தது. மாமாவுக்குப் போன் செய்தேன். "மூணு டிக் தாண்டி. வேலையத்தவனுங்க வருஷா வருஷம் எதையாவது கேப்பானுங்க. பாபாகிட்ட கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்து அனுப்பு. முறுக்கு ஒடையாம வந்துச்சா, அதச் சொல்லு" என்றார்.

இந்தியா தவிர வேறு எந்த நாட்டிலாவது வரி செலுத்துபவரா என்பது அதில் இரண்டாவது கேள்வி. 'ஆம்' என்பதே சரியான விடை என்று படித்தவுடன் தெரிந்தது. இதை ஏன் கேட்கிறார்கள் என்று அறிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் பள்ளி விட்டு நேராக நூலகம் போய் அரசின் விளக்கக் கையேட்டைப் படித்தேன். இங்கே வசிப்பவர் பெயரில் வெளிநாட்டு ஃபண்டு இருந்தால், பணம் போட்டவர் யாராக இருந்தாலும், ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டாலும், வருடந்தோறும் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. பிப்ரவரியில் நான் குறித்தது தவறு என்று அப்போது புரிந்தது.

அன்றே பாபாவிடம் சொல்லியிருந்தால் ஒரு திருத்தப் படிவத்தோடு முடிந்திருக்கும். நான் வீட்டுக்குப் போனபோது அவர் ஷிண்டே காகாவுடன் போனில், "அதெல்லாம் சானு போட்டுக் குடுத்துடுவா, தப்பே வராது, நீ கவலப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன் பிறகு வெளியே வந்து, சமையல் மேடையில் வைத்து, இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன். ஆம் என்று குறித்தால் பிப்ரவரியில் போட்டது பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். பாபா என்ன படிவம் என்று கேட்டார். முகவரி மாற்றம் என்றேன். அவர் கையிலிருந்த எண்ணெயைப் பைஜாமாவில் துடைத்துக்கொண்டு நான் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். அதற்குப் பின் வந்த வருடங்களிலும் வரிப் படிவத்தில் நான் 'இல்லை' என்றே குறித்தேன். பாபாவிடம் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

போன வருடம் மாமா என் கைபேசி எண்ணை நிறுவனத்திடம் கொடுத்தார். அது அமெரிக்க எண் என்பதால் நிறுவனம் என் பெயரை இங்கே தெரிவித்தது. இந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உள்ளே அந்தத் தீபாவளிப் படிவத்தின் நகல் இருந்தது. ஃபண்டை மறைத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று பாபாவிடம் சொல்லும்போதே அழுதுவிட்டேன். பாபா ஏன் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் தனியாக இங்கே வந்து, தெரிந்தே மறைத்தேன் என்று மராத்தியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று காலை பேருந்தில்தான் சொன்னார். "நீ காலேஜ் போற பொண்ணு. உன் பேரு இதுல வர வேண்டாம். வாயத் தொறந்த, அப்புறம் எங்கூட பேசாத."

தெரிந்து மறைத்தவர் என்றால் ஃபண்டில் பாதி அபராதமாகப் போகும், பாபாவின் குடியுரிமை விண்ணப்பமும் நின்றுபோகலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். தெரியாமல் நடந்தது என்றால் வரியையும் வட்டியையும் கட்டினால் போதும். அதனால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

இந்த இடத்தில் அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்தினார். தந்தையைக் காப்பாற்ற மகள் இப்படிச் சொல்வது புதிதல்ல என்றார். பாபாவை உள்ளே அழைத்தார். மொழிபெயர்க்க என்னை அனுமதிக்காமல் தொலைபேசியில் ஒரு மராத்தி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார். படிவத்தை மேசையில் விரித்து, எந்தக் கேள்விக்குத் தெரிந்தே பொய்யான விடை குறித்தீர்கள், காட்டுங்கள் என்றார்.

பாபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படிவத்தில் மூன்று குறிகள் இருந்தன. அவர் கொஞ்சமும் தயங்காமல் முதல் குறியின் மேல் விரலை வைத்து, "இதுதான் மேடம். நான்தான் போட்டேன்" என்றார்.

அது நான் ஆணா பெண்ணா என்ற கேள்வி. பெண் என்று குறித்திருந்தது.

அதிகாரி தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தார். பாபா என் முகத்தைப் பார்த்தார்.

"சானு, என்ன சொன்ன இவங்ககிட்ட?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாபா."

"படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"நீங்க தொட்டது தப்புக் கட்டம், பாபா."

அவர் விரலை எடுக்கவில்லை. முன்பு எழுதிக் கொடுத்தது உண்மையா என்று அதிகாரி கேட்டார். பாபா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல், ஆங்கிலத்தில், எனக்குத் தெரியாது மேடம், எனக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றார். இங்கே வந்த எட்டு வருடங்களில் அவர் அதை வெளியாள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அதிகாரி அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டார். முடிவு கடிதத்தில் வரும் என்று மட்டும் சொன்னார்.

இதுவரை உள்ளதைப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. இருந்தால் அதற்கான தண்டனை என்னுடையது, என் தந்தையுடையது அல்ல.

(ஒப்பம்) சானிகா உத்தம் நலவடே
மார்ச் 2022

நான் கையெழுத்திட்டபோது மாலை மணி நான்கு ஐம்பது. தளத்தின் மற்ற அறைகளில் ஏற்கெனவே விளக்குகள் அணைந்திருந்தன. பாபா தன் பழைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்திட்டு முடிக்கும் வரை திருமதி ஃபெர்ரான்டே காத்திருந்தார். அதன் பிறகு இந்த அறையின் விளக்கும் அணைக்கப்பட்டது.