கடைசிப் பாட்டில் ஓநாய் சாக வேண்டும்

உங்கள் ஸ்டேஷனில் காப்பி நன்றாகவே போடுகிறீர்கள். ஏரிக்கரைக் குடிலில் ஒன்பது நாளாக நாங்கள் குடித்ததற்குக் கழுநீர் என்றுதான் பேர். ஆர்த்தோ போட்டது. அவன் டிரம்ஸ் நன்றாக வாசிப்பான், அதோடு சரி.

நாங்கள் மூன்று பேர். யார்க்கோ என்கிற நான் கிட்டார், ஓஸ்மோ பாட்டு, ஆர்த்தோ டிரம்ஸ். எங்களுடையது மெட்டல் இசை. தாளம் ஏழில் போய்ப் பதினொன்றில் திரும்பும். இந்த ஆல்பம் முழுக்க ஒரே கதை, பின்லாந்தில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்ட பழைய நாவல். தம்பியைக் கொன்ற ஓநாயைப் பனிக்காலம் முழுக்கத் துரத்துகிறான் ஒரு வேட்டைக்காரன். முடிவில் உறைந்த ஏரி உடைந்து அவனும் ஓநாயும் உள்ளே போய்விடுகிறார்கள். பதினாலு வயதிலிருந்து நாற்பது தடவையாவது படித்திருப்பேன். எங்கள் வீட்டுப் பிரதிக்குப் பின்னட்டை கிடையாது. சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பைப் பற்றவைக்க அப்பா கைக்குக் கிடைத்ததைக் கிழிப்பார். ஐம்பத்திரண்டு நிமிட இசை, மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினேன். என் கல்யாணம் அதில்தான் போயிற்று.

எட்டாம் நாள் ஓஸ்மோ கடைசிப் பாட்டை மாற்றிவிட்டான். வழக்கம்போல உறுமவில்லை. தாலாட்டு மாதிரி மெல்லப் பாடினான்.

"வேட்டைக்காரன் மேல ஏறி வந்துடுறான்டா யார்க்கோ. ஓநாயும் வந்துடுது. துப்பாக்கியத் தண்ணில வீசிட்டு வீட்டுக்குப் போறான். அதான் முடிவு."

"எந்தப் புஸ்தகத்துல?"

"உன் புஸ்தகத்துலதான். நீ கடைசி அத்தியாயத்தப் படிச்சதே இல்ல மாப்ள. லைப்ரரில எடுத்தேன், பாக்குறியா?"

"மூணு வருஷமா அரைக் கதைக்கு மெட்டுப் போட்டிருக்கான்யா," என்று ஆர்த்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பாயசம் வைத்தவனிடமே அது பாயசமில்லை என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

மறுநாள் மத்தியானம் ஆர்த்தோ சாசேஜ் வாங்க டவுனுக்குப் போனான். நாங்கள் இருவரும் சவுனாவில் வியர்த்துவிட்டு, ஏரிப் பனியில் வெட்டிவைத்த துளையில் முங்கி எழப் போனோம். ஒருவன் இறங்கினால் இன்னொருவன் மேலே நிற்க வேண்டும், கை விறைத்தால் தூக்கிவிட. உங்களுக்குத் தெரியாததா. பதினேழு வருடமாக ஓஸ்மோவுக்கு நான்தான் நிற்பேன்.

கழுத்தளவு தண்ணீரில் ஏணியைப் பிடித்தபடி கேட்டான்: "இன்னும் கோவமாடா?"

இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. பனி உடைக்கும் கடப்பாறை பக்கத்திலேயே கிடந்தது. முதல் இடி வலது கையில். மூன்று விரல்கள் ஏணிப்படியிலேயே தங்கிவிட்டன. இடது கையால் என் கணுக்காலைப் பிடித்தான். "பாத்துடா, வழுக்குது, என்னைத் தூக்கு," என்றான். கடப்பாறை கை நழுவிவிட்டது என்றே நினைத்திருக்கிறான். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்ததை வாயில் இறக்கினேன், அந்தத் தாலாட்டு பாடிய வாயில். பிறகு தோளில் குத்தி, பனிக்கு அடியில் தள்ளினேன்.

கொஞ்ச நேரம் கீழிருந்து தட்டினான். அங்கே பனி தெளிவாக இருந்தது, உள்ளங்கை தெரிந்தது. தட்டியது எந்தத் தாளத்திலும் சேரவில்லை.

விரல்களைத் துளைக்குள் தள்ளிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, கடைசிப் பாட்டை நானே பாடிப் பதிவு செய்தேன். ஓநாய் செத்தது, வேட்டைக்காரனும் செத்தான். ஆர்த்தோ பொட்டலத்தோடு வந்து, "ஓஸ்மோ எங்கடா?" என்றான். "முடிஞ்சுது, கேளு," என்று ஹெட்போனைக் கொடுத்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கதைக்கு யாராவது ஒருவன் உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

ஓஸ்மோவின் பையில் இருந்த நூலகப் புத்தகத்தை மேஜையில் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் காப்பி எடுக்கப் போனபோது புரட்டினேன். ஏரி உடைந்த பிறகும் பதினோரு பக்கம் இருக்கிறது. அதே எழுத்து, அதே பழுப்புத் தாள், அதே தையல். யாரோ பிற்பாடு அச்சடித்து உள்ளே சேர்த்திருக்கிறார்கள். ஓஸ்மோவாகத்தான் இருக்கும்.