பன்னிரண்டாவது குளியல்

கடையத்திலிருந்து குற்றாலம் போகும் நகரப் பேருந்தில் பதினொரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில் துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் இருந்தன.

"இன்னையோட பன்னெண்டு நாளு ஆச்சு. தலையில அருவி அடிச்சிக் கழுத்துதான் வலிக்கி. தூக்கமும் வரல, நெஞ்சு படபடப்பும் நிக்கல" என்றாள் அவள்.

"மண்டைச் சூடுட்டி. நாப்பது குளி குளிச்சா தன்னால இறங்கிரும். எங்க பெரியப்பா அப்படித்தான் சரியானாரு."

"ஒங்க பெரியப்பா சரியாவல. பேசுதத நிறுத்திட்டாரு."

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். நேத்து அடுப்பு முன்னாடி நின்னு ஒரு மணி நேரம் அழுதேன். ஏன்னு எனக்கே தெரியல. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்?"

பேருந்தில் ஏறியதிலிருந்து மட்டும் நான்கு தடவை.

"பைத்தியக்கார டாக்டர்ட்ட போனா நாளைக்கு நம்ம பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"ஒங்களுக்கு சுகர் வந்தப்ப நீங்க எந்த அருவியில போயி நின்னீய?"

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

தென்காசி ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவள் எழுந்து படிக்குப் போனாள்.

"குத்தாலத்துக்குல்லா டிக்கெட் வாங்கினீய?" என்றார் நடத்துநர்.

"அது அவருக்கு, அண்ணாச்சி. இன்னைக்கு அவரு தலையில தண்ணி விழட்டும். நான் மனசுக்குப் பாக்குத டாக்டரப் பாக்கப் போறேன்."

அவள் இறங்கினாள். வண்டி ஏழு மின்கம்பங்களைத் தாண்டிய பிறகுதான் அவர் எழுந்து, "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். துண்டும் பாட்டிலும் இருக்கையிலேயே கிடந்தன.